க்ளட்சைப் புகழ்ந்த ஐந்து பேர்

மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி மனைவியிடம் பொய் சொல்வதில்லை. ஐந்து பேரை விட்டுச் சொல்ல வைப்பது.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பதினோரு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கோடு, மணிக்கு இருபதைத் தாண்டாமல் ஊரைச் சுற்றுகிறவர். சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்பார்கள். நாய்கள் அந்தக் காரைத் துரத்துவதில்லை. கூடவே நடந்து வரும். தெருவில் அவருக்குப் பெயரே 'இருபது'. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு தடவையாவது இருநூறில் பறக்கணும். நிஜத்தில் பயம். அதனால் கேமில்.

டிவி பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தெருப் பந்தய கேம், கையில் வைத்து ஆடும் குட்டிப் பெட்டியாக வந்திருந்தது. வாங்கலாம். மனைவி சம்மதித்தால்.

மனைவிக்கு ஒரு பெரிய கடையில் வேலை. வாங்கின சாமானைத் திருப்பித் தருகிறவர்களின் கவுண்டர். தேய்ந்த செருப்பை நீட்டி 'காலே வைக்கல மேடம்' என்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள். ஒரு துடைப்பம் வாங்குவதென்றாலும், முன்னே வாங்கினவர்கள் இணையத்தில் எழுதிய கருத்தையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வாங்குவாள்.

"ரெண்டரை நட்சத்திரங்க," என்றாள் போனைப் பார்த்து. "கேளுங்க. 'திரை தீப்பெட்டி சைஸ். எதிர்ல வர்றது லாரியா எறும்பான்னு தெரியல.' 'பத்தே நிமிஷத்துல கட்டை விரல் மரத்துப் போச்சு.' 'கடைசி வளைவுல சார்ஜ் போயிருச்சு, கூடவே என் உசுரும்.' இன்னும் முப்பது இருக்கு, படிக்கவா?"

"வேணாம்மா. பாட்டு நல்லா இருக்குன்னு ஒருத்தராவது எழுதியிருப்பாரே?"

"பாட்டுக்கு ரேடியோ இருக்கு."

மறுநாள் மதியம் மாஸ்டர் பயிற்சிக் காரை மரத்தடியில் நிறுத்தினார். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, போனில் ஐந்து பெயரில் ஐந்து கணக்கு தொடங்கினார். ஒவ்வோர் ஆளுக்கும் தொண்டையை ஒரு மாதிரி செருமி, புருவத்தை ஒரு மாதிரி தூக்கி, கேமைப் பற்றிக் கருத்து தட்டித் தள்ளினார்.

சாயந்திரம் மனைவி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க! ஒரு ரிடையர்டு தலைமையாசிரியர் எழுதியிருக்காரு. 'அன்பர்களே! இவ்விளையாட்டைத் தொடங்கிய நாள்முதல் யான் வைகறையில் துயிலெழுந்து, இல்லத்தைப் பெருக்கி, துணைவியாருக்குத் தேநீரும் தயாரித்து வழங்குகிறேன். க்ளட்ச் மிக மென்மை!'"

"அடடே," என்றார் மாஸ்டர், முகத்தைப் பேப்பரில் மறைத்துக்கொண்டு.

"டாக்டர் ஒருத்தர்! 'முதுகுவலிக்குக் கண்கண்ட மருந்து. இருபது நிமிடம் கேம், பிறகு பத்து நிமிடம் பாத்ரூம் தேய்க்கவும். க்ளட்சை மெதுவாக விடவும்.'"

"படிச்சவரு. சும்மா சொல்ல மாட்டாரு."

"ஒரு பொண்ணு. 'அக்கா, எங்க வீட்டுக்காரர் சோபாவோட ஒட்டிப் பொறந்தவரு. இதை வாங்கினதுலேருந்து பாத்திரத்தை என்னைத் தொடவே விடுறதில்லக்கா! க்ளட்ச் சூப்பர்க்கா!' இன்னொரு பையன். 'மச்சி, வெறித்தனம்! துணி மடிக்கிறதுகூட இப்ப நான்தான் மச்சி! க்ளட்ச் வேற லெவல்!'"

ஐந்தாவதை எழுதும்போது மாஸ்டருக்கே கட்டுப்பாடு போயிருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக பிரேக்கில் காலில்லை.

"ஒரு அம்மா எழுதியிருக்காங்க. 'முன்னெல்லாம் என் மாப்பிள்ளை என் போனையே எடுக்க மாட்டாரு. இப்ப தினமும் அவரே கூப்பிட்டு அரை மணி நேரம் பேசறாரு. தங்கமான க்ளட்ச்.'"

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாங்கிடலாங்க."

பெட்டி வந்தது. மாஸ்டர் முதல் பந்தயத்தில் இறங்கினார். கொடி விழுந்தது. சீட் பெல்ட் இருக்கிறதா என்று தேடினார். கண்ணாடி பார்த்தார். இண்டிகேட்டர் போடப் பட்டன் தேடினார். முதல் சந்திப்பில் சிவப்பு விளக்கு. நின்றார். பின்னால் வந்த ஏழு கார்கள் அவர் மேலேயே ஏறிப் போயின.

"கொடுங்க, நான் காட்டறேன்," என்றாள் மனைவி.

காட்டினாள். காட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் அவர் நெஞ்சின் மேல் ஒரு துடைப்பம் கிடந்தது.

"வைகறை ஆயிருச்சுங்க."

"எதுக்கு?"

"தலைமையாசிரியர் எந்திரிச்சிருப்பாரே! முப்பது நாளைக்குள்ள திருப்பி அனுப்பலாம். சொன்னபடி வேலை செய்யாத சாமானை வாபஸ் எடுக்கிறதுதானேங்க என் பொழப்பே?"

மாஸ்டர் பெருக்கினார். தேநீர் போட்டார். டாக்டர் சொன்னபடி பாத்ரூம் தேய்த்தார். முதுகுவலி இல்லாதிருந்தவருக்கு முதுகுவலி வந்தது. ஒன்பதாம் நாள், ஒரு கையில் சோப்பு நுரை, ஒரு கையில் தட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனில் மாமியார். "சொல்லுங்க அத்தை... ஆமா அத்தை... மூட்டு வலியா அத்தை..." அரை மணி நேரம் என்று எழுதின அந்தக் கையையே தட்டோடு சேர்த்துக் கழுவிவிடலாம் போலிருந்தது.

போனை வைத்ததும் ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தார்.

"உண்மையைச் சொல்லிடறேம்மா. அந்த அஞ்சு பேரும் நான்தான்."

"தெரியுமே," என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"எப்போலேருந்து?"

"முதல் க்ளட்ச்லேருந்து. இந்த கேம்ல க்ளட்சே கிடையாதுங்க. மிச்சமிருந்த முப்பது பேரும் அதைச் சொல்லித்தான் அழுதிருந்தாங்க. நீங்கதான் படிக்க வேணாம்னீங்க."

மாஸ்டரின் காது மடல் சூடானது. "அப்புறம் எதுக்கும்மா வாங்கின?"

ஒன்பது நாளில் முதல் தடவையாக அவள் கேமை நிறுத்தினாள்.

"பதினோரு வருஷமா யார் யாரையோ ஓட்ட வைக்கிறீங்க. உங்களுக்கும் ஒரு தடவை ஓட்டணும்னு இருக்காதா? அதுக்கு ஏன் அஞ்சு பேரைக் கூட்டிட்டு வந்தீங்க? நீங்க ஒருத்தர் கேட்டாப் போதாதா?"

மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"இந்த ஒரே ஒரு ரேஸ் முடிச்சுட்டுத் தர்றேன்," என்றாள்.

காத்திருக்கிற நேரத்தில் அந்த ஐந்தையும் அழித்துவிடலாம் என்று போனை எடுத்தார். ஐந்துக்கும் கீழே ஒரே வரி இருந்தது: 'இந்தக் கருத்து ஒருவருக்கு உதவியாக இருந்தது.'

அந்த ஒருவர் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, இருநூற்றுப் பத்தில், ஏழாவது 'ஒரே ஒரு ரேஸை' ஆரம்பித்துக்கொண்டிருந்தார்.