சிஸ்டர் ரமணி சிரித்தார்

காலை எட்டு மணிக் கூட்டத்தில் சிஸ்டர் ரமணி சிரித்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஜார்ஜ் டவுனில் இருந்த அந்த அரசாங்கக் கிளினிக்கில் பதினோரு வருடமாகத் தாதியர்களுக்குத் தலைவி அவர்தான். அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டாலே கைத்தொலைபேசிகள் பாக்கெட்டுக்குள் போய்விடும். ஆனால் போன வாரம் பாயான் லெப்பாஸில் ஒரு ஹோட்டலில் தலைமைத்துவக் கோர்ஸ் நடந்தது. நாற்பது கேள்விக்குப் பதில் எழுதவைத்து, கடைசியில் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். 'அதிகாரத் தலைமை' என்று போட்டு, பக்கத்தில் ஒரு புலிப் படம் வேறு.

வீட்டில் கணவரிடம் காட்டினார். அவர் தாளை வாங்கிப் படித்தார். புலியை மட்டும் இரண்டு தரம் பார்த்தார். அதுதான் ரமணியை உறுத்தியது.

உத்தரவு போடாதீர்கள், கேளுங்கள் என்று கோர்ஸில் சொல்லியிருந்தார்கள். கேட்டார்.

"தடுப்பூசி ஃபிரிஜ் டெம்பரேச்சரை இன்னைக்கு யாரு பாக்கலாம்? நீங்களே பேசி முடிவு பண்ணுங்களேன்."

இது ஏதோ பரீட்சை என்று ஐந்து தாதியர்களுக்கும் பட்டது. ஆளுக்கொரு தரம் போய்க் கதவைத் திறந்து பார்த்துக் குறித்துவைத்தார்கள். இருப்பதில் இளையவளான ஷாஹிரா, சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு தரம் திறந்தாள். ஒன்பதரைக்கு ஃபிரிஜ் சூடாகி அலாரம் அலறியது.

மருந்துகளை ஐஸ் பெட்டிக்கு ஷாஹிரா ஓடி ஓடி மாற்றினாள். ரமணி வாய் வரை வந்த திட்டை விழுங்கிவிட்டு, அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பரவால்லம்மா. தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்."

ஷாஹிரா அழுதுகொண்டே பதிவுக் கவுண்டருக்கு ஓடினாள்.

"தனேஷ் அண்ணே, சிஸ்டர் என்னை டிரான்ஸ்ஃபர் பண்ணப் போறாங்க!"

"உன்னை இல்லலா," என்றான் குமாஸ்தா தனேஷ். "அவங்களுக்குத்தான் உடம்புல ஏதோ பெரிசா வந்திருக்கு. இல்லாட்டி ஏன் இப்படிப் பேசுறாங்க? பாவம்லா."

பத்து மணிக்கு ரமணியின் மேசைக்குக் கஞ்சி வந்தது. பத்தரைக்கு இளநீர். எந்தப் பிரச்சினையையும் சிஸ்டரிடம் கொண்டுபோகக் கூடாது என்று தாதியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதால், ஒரு வேலையும் நகரவில்லை. வரிசை வாசல் வரை நீண்டது. பொறுக்கமாட்டாமல் ரமணியே இரத்தச் சோதனை செய்ய உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் சீனி முகம்மது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். பெயரிலும் சீனி, இரத்தத்திலும் சீனி. ஏழுக்குள் இருக்க வேண்டியது, இன்றைக்குப் பதினாறு காட்டியது. வழக்கமாக இந்த இடத்தில் ரமணி போடும் சத்தம் மருந்தகம் வரை கேட்கும். இன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், நான் இனிமே ஒன்னும் சொல்றதா இல்ல. உங்க மனசுக்கு எது சந்தோஷமோ அதைச் செய்யுங்க."

சீனி முகம்மதுவின் முகம் வெளுத்தது.

"எப்ப சிஸ்டர்?" என்றார் மெதுவாக.

ரமணி அட்டையைப் பார்த்தார். "அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனார்.

மூன்று மணிக்கு அவர் மகன் சாஹித், பிறை என்ற ஊரில் ஃபேக்டரி வேலையைப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான்.

"சிஸ்டர், வாப்பா எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்காரு! அடக்கம் பண்ற எடம்கூடப் பாத்துட்டு வந்துட்டாரு! பதினெட்டாம் தேதின்னு நீங்கதான் சொன்னீங்களாமே?"

"அப்பாயின்மெண்ட்டு தம்பி! அடுத்த அப்பாயின்மெண்ட்டு!" ரமணியின் குரல் கிளினிக்கையே உலுக்கியது. திறந்த வாயை மூட முடியவில்லை. "தனேஷ், என்ன கியூ இது, பாசார் மாலாம் சந்தையா? ஷாஹிரா, அந்த ஃபிரிஜ் பக்கம் இனி ஒரே ஒரு ஆளுதான் போகணும்! யாரு இங்க கஞ்சியக் கொண்டாந்து வெச்சது?"

கிளினிக்குக்கே மூச்சு வந்தது. ஷாஹிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அரை மணி நேரத்தில் வரிசை கரைந்தது.

ரமணிக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஒரு மனிதரை உயிரோடு கொன்றுவிட்டோமே என்றிருந்தது.

மறுநாள் காலை சீனி முகம்மதுவின் மனைவி சலேஹா தனியாக வந்தார். ரமணி எழுந்து நின்றார்.

"மன்னிச்சிருங்க அக்கா. தப்பு என்னோடதுதான். பாய் எங்க? நானே அவருக்கு வெளக்கமாச் சொல்லிடறேன்."

சலேஹா கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஒன்னும் சொல்லிராதீங்க சிஸ்டர்! மகனையும் வாயத் தொறக்காதேன்னுட்டேன். பதினோரு வருஷம் நீங்க திட்டியும் விடாத அந்தச் சீனி கொட்டின தே தாரிக் டீயை, நேத்து ஒரு வார்த்தை அன்பாப் பேசினதுக்கு அடியோட விட்டுட்டாரு. பதினெட்டாம் தேதி வந்தா, அதே மாதிரி கையப் புடிச்சுக்கிட்டு இன்னொரு தேதி குடுங்க!"