வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்பு தேவையா?

‘ஆகவே, தேவையில்லை’ என்று முடிந்தது இளவேனிலின் கட்டுரை. கோபாலசாமி அடுத்ததை எடுத்தார். அதுவும் தேவையில்லை. அதற்கடுத்ததும்.

டீயை வைத்துவிட்டு அவர் மனைவி ஷியாமளா எட்டிப் பார்த்தாள். "என்ன, பசங்க சரியா எழுதலையா?"

"ரொம்பச் சரியா எழுதியிருக்காங்க. அதான் பிரச்சினை."

மற்ற நாட்களில் கோபாலசாமி வளைகுடா எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடாதவர்களைப் பிடிப்பார். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை ஃபஹாஹீல் நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளைப் பிடிப்பார். தமிழ்ச் சங்கத் தலைவர் சேதுபதி தன் சூப்பர்மார்க்கெட்டின் மாடி ஹாலை வகுப்புக்கு இலவசமாக விட்டிருந்தார். இப்போது அதே ஹாலை யோகாக்காரர்கள் கேட்கிறார்கள். "வகுப்பு வேணுமா வேணாமான்னு பசங்களே எழுதட்டும் சார். படிச்சிட்டு முடிவு பண்றேன்" என்றிருந்தார் சேதுபதி.

கோபாலசாமிக்குக் கவலையே இருக்கவில்லை. இந்த வருஷம் முழுக்க அவர் நடத்தியதே வாதக் கட்டுரைதான். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி முழங்கியிருந்தார்.

"எடுத்த எடுப்புலயே உன் கட்சியைச் சொல்லு. காரணம் சொன்னா சான்று வேணும். எதிராளி என்ன சொல்வான்னு நீயே சொல்லி நீயே உடைச்சிடு. நம்புறதை எழுத எதுக்குப் பயிற்சி? நம்பாத பக்கத்தை எடுத்து அடுத்தவனை நம்ப வைக்கணும். அப்படித்தான் நான் காலேஜ்ல கப்பு வாங்கினேன். முக்கியமா, படிக்கப்போறவர் யாருன்னு தெரிஞ்சு எழுதணும்."

கப்பு பற்றி ஆரம்பித்தால் அவருக்கு முன்னால் சொன்னது பின்னால் நினைவிருக்காது. பிள்ளைகள் மட்டும் குறித்துக்கொள்வார்கள்.

இளவேனில் சான்றோடு எழுதியிருந்தாள்: ‘சார் "இன்னும் ஒரே நிமிஷம்" என்று சொன்னால் நாங்கள் டிபன் டப்பாவைத் திறந்துவிடுவோம்.’ எதிராளியையும் விடவில்லை: ‘தமிழ் நம் தாய் என்பார்கள். தாய் வீட்டில்தானே இருக்கிறாள்? சூப்பர்மார்க்கெட் மாடியில் ஏன் தேட வேண்டும்?’

மார்க்கைக் குறைக்க வழியே இல்லை.

கடைசிக் கட்டுரை சம்யுக்தாவுடையது. ‘தேவை’ என்று தொடங்கியது. கோபாலசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஒண்ணை மட்டும் சேதுபதிக்குக் குடுங்க" என்றாள் ஷியாமளா.

"அது முறையில்லை. பெத்தவங்க பார்வைக்கு அனுப்புறேன். அவங்க போடுற போடுல திருத்தி எழுதிடுவாங்க."

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். முதலில் இளவேனிலின் அப்பா பாலமுரளி போன் செய்தார்.

"சார், அவளைத் திட்டலாம்னுதான் கூப்பிட்டு உக்கார வெச்சேன். படிச்சுப் பார்த்தா அவ சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. நானும் வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் தூங்குறது."

மற்றவர்கள் வரிசையாகக் கட்டைவிரல் காட்டினார்கள். கோபாலசாமி வகுப்பின் அவசியத்தை விளக்கி, ‘ஒரே நிமிஷம்’ என்று தொடங்கி, நெடிய குரல் பதிவு ஒன்றை அனுப்பினார். ‘இளவேனிலின் சான்று சரிதான்’ என்று ஒரு தாய் பதில் போட்டார்.

அதன் பிறகுதான் குழுவில் சேதுபதியும் இருப்பது அவருக்கு உறைத்தது. போட்ட படங்களை அவசரமாக அழித்தார். ‘ஏன் அழிச்சீங்க? நான் படிச்சாச்சே’ என்று சேதுபதி கேட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சேதுபதி ஹாலுக்கே வந்துவிட்டார். பெற்றோர்களும் வந்து பின்னால் நின்றார்கள்.

"தாய் வீட்டுலதானே இருக்கான்னு ஒரு பொண்ணு எழுதியிருக்கே சார், எனக்கு உடனே எங்கம்மாவுக்கு போன் போடணும்போல ஆயிடுச்சு. அதுக்கு மேல எதையும் படிக்கத் தோணலை. கலாஸ், முடிஞ்சுது. ஹாலை யோகாவுக்கே குடுத்திடுறேன்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டுடுங்க" என்றார் கோபாலசாமி. ஹெல்மெட்டுகளுக்கு நடுவே கழியும் வாரத்தில் அவருக்கென்று இருந்தது இந்த ஒரு காலைப்பொழுதுதான். "சம்யுக்தா, படிம்மா."

சம்யுக்தா எழுந்து படித்தாள். கடைசிப் பாராவில் குரலைத் தாழ்த்தினாள். ‘இந்த ஹாலின் சுவரில் தலைவர் ஐயாவின் படம் இருக்கிறது. யோகாவுக்கு வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். வாராவாரம் கண்ணைத் திறந்து அதைப் பார்ப்பவர்கள் நாங்கள் மட்டும்தான்.’

சேதுபதி சுவரைப் பார்த்தார். சஃபாரி சூட்டில் அவரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்டையைச் செருமினார். "யோகாவை அவங்கவங்க வீட்டுல பண்ணிக்கலாமே. வகுப்பு நடக்கட்டும் சார்."

சேதுபதியின் காரில் எப்போதும் ஒரு பொன்னாடை இருக்கும், யாராவது அவருக்குப் போர்த்த வேண்டியிருந்தால். கோபாலசாமி அதை வரவழைத்து சம்யுக்தாவுக்குப் போர்த்தினார். நன்றியில் அவருக்கு வார்த்தை தடுமாறியது. இப்படி இதற்குமுன் நடந்ததில்லை.

"உன்னை மறக்க மாட்டேம்மா. இத்தனை பேர்ல உனக்கு ஒருத்திக்குத்தான் இந்த வகுப்பு மேல உசுரு." மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் இருக்கீங்களே."

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வகுப்பு பிழைத்ததில் இளவேனில் பெஞ்சைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் அவர் கவனித்தார்.

சம்யுக்தா சங்கடத்தோடு பொன்னாடையைக் கழற்றி, மடித்து, இளவேனிலின் மடியில் வைத்தாள்.

"சார், நீங்க சொன்ன ரூல்படி எல்லாருமே நம்பாத பக்கத்தைத்தான் எழுதினோம். நானும்தான்."