கை நனைக்காத சம்பந்தி

வாசலில் ஆட்டோ வந்து நின்றபோது உப்பிலியின் இடது கையில் மவுஸும் வலது கையில் தயிர்சாதமும் இருந்தன.

சாப்பிடுவதற்கு வலது கை வேண்டும் என்பதால் இடது கையாலேயே ஊரை நிர்வாகம் செய்ய அவன் பழகியிருந்தான். ஊர் என்றால் அவன் குடியிருக்கும் திருவிடந்தை அல்ல. கம்ப்யூட்டர் திரைக்குள் ரோடு போட்டு, வீடு கட்டி, குழாய் பதித்து, ஜனங்களைக் குடியேற்றி அவனே உண்டாக்கிய ஊர். அன்றைக்கு அதன் மேற்கு மூலையில் தண்ணீர் வரவில்லை.

"உப்பிலி, அதை மூடுடா. பொண்ணோட அப்பா வந்திருக்கார்" என்று அடுக்களை ஜன்னலிலிருந்து அவன் அம்மா செங்கமலம் அடித்தொண்டையில் சொன்னாள்.

மூடியிருக்கலாம். ஆனால் சேமிக்காமல் மூடினால் மூன்று வாரமாகக் கட்டிய ஊர் போய்விடும். சேமிக்கவோ அந்தக் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு நேரம் எடுத்துக்கொள்ளும். மானிட்டரை மட்டும் அணைத்திருக்கலாமே என்ற யோசனை அவனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நரசிம்மன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வந்து, நேராக அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

உப்பிலி பயந்ததற்குக் காரணம் உண்டு. மாமல்லபுரத்தில் வீட்டுமனை விற்கும் அலுவலகம் ஒன்றில் அவன் கணக்காளன். நல்ல பையன், வெற்றிலைகூடப் போடமாட்டான். மாலையில் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் போடுவான், அவ்வளவுதான். செங்கல்பட்டு பஜாரில் புது விளையாட்டு சிடி வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் அரை நாள் லீவு எழுதிக் கொடுப்பான். கார்ப் பந்தயத்தில் வளைவு வந்தால் அவனும் சேர்ந்து வளைவான். ஒரு நாற்காலிக்கு அப்படித்தான் கால் போயிற்று. கிரிக்கெட்டில் டெஸ்ட் மேட்ச்தான் ஆடுவான், அதையும் ஐந்து நாள் ஆடுவான். திரையில் உணவு இடைவேளை விட்டால்தான் சாப்பிட எழுந்திருப்பான். அந்த மாதத்து மோகம் இந்த ஊர் கட்டும் விளையாட்டு. அலுவலகத்தில் எல்லோரும் அவனை வேலை ஏவினார்கள். இங்கே அவன் மேயர்.

இதனால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயிருந்தது. முதல் பெண்ணின் மாமா சொல்லாமல் கொள்ளாமல் வந்தபோது, உப்பிலி திரையில் வந்த குண்டுக்குப் பயந்து மேஜைக்கு அடியில் குனிந்திருந்தான். இரண்டாம் பெண்ணே டெலிபோனில் கூப்பிட்டாள். கடைசி விக்கெட் விழட்டும், பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். விக்கெட் மறுநாள்தான் விழுந்தது.

இத்தனைக்கும் திருவிடந்தைப் பெருமாள் நித்தம் கல்யாணம் செய்துகொள்கிறவர். கல்யாணம் ஆகாதவர்கள் அவர் சந்நிதியில் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒன்பது தடவை பிராகாரம் சுற்றி, அதை வீட்டில் கொண்டுபோய் மாட்டி வைத்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது வழக்கம். எங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறவர்களுக்கெல்லாம் மளமளவென்று நடக்கிறது. கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் உப்பிலிக்கு நடக்கவில்லை. அவன் பிராகாரம் சுற்றும்போது முன்னால் போன இரண்டு பேரை வளைவில் முந்தியதுதான் காரணம் என்பது செங்கமலத்தின் கட்சி. அந்த மாலையைக் கம்ப்யூட்டருக்கு நேர் மேலே ஆணியில் மாட்டியிருந்தாள். அவன் கண் படுகிற சுவர் வீட்டில் அது ஒன்றுதான். மாலை நாராகியிருந்தது.

இந்த நிலையில்தான் திருப்போரூரிலிருந்து நரசிம்மன் பெண் ஹம்சினியின் ஜாதகம் வந்து பொருந்தியது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு உப்பிலி அவளைப் பார்த்துத் தலைகால் புரியாமல் ஆகிவிட்டான். உங்களுக்குப் பொழுதுபோக்கு என்ன என்று அவள் கேட்டாள். அம்மா சொல்லிக் கொடுத்திருந்தபடி கோயிலுக்குப் போவது என்றான்.

"எங்கப்பாவும் இதையேதான் சொல்வார்" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலிருந்து அவன் இன்னும் வெளியே வரவில்லை. இவள் இல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் கல்யாணமே வேண்டாம் என்று, ஊர் கட்டுவதைக்கூட நிறுத்திவிட்டு யோசித்து முடிவு செய்திருந்தான்.

ஆனால் அவள் அப்பாவைப் பற்றித் தரகர் சொன்னது கலக்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கையடக்க வீடியோ கேம் கொண்டுவருகிற பையன்களிடமிருந்து அதைப் பிடுங்குவாராம். பிடுங்கியதில் ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுத்தது கிடையாதாம். அப்பேர்ப்பட்ட கண்டிப்பு. பெண் பார்த்த அன்றும் அவர் சம்பளம் கேட்கவில்லை, வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதாமே என்றுதான் கேட்டார். படிப்பாளி, அறிவை மதிக்கிறவர் என்று செங்கமலம் பூரித்துப் போனாள்.

அவர்தான் இப்போது பின்னால் நிற்கிறார்.

"என்ன இது?" என்றார்.

உப்பிலி வாயிலிருந்த தயிர்சாதத்தை மென்று விழுங்கினான். செங்கமலம்தான் முந்திக்கொண்டாள். "ஆபீஸ் வேலை. மனை பிரிக்கறதுக்குப் படம் போடறான். ஆத்துக்கு வந்தும் ஓய்வே கிடையாது."

நரசிம்மன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மேற்கால குழாய் விட்டுப் போயிருக்கே" என்றார்.

அவர் சொன்ன இடத்தில் உப்பிலி குழாய் போட்டான். தண்ணீர் வந்தது. நரசிம்மன் தனக்கும் திருப்போரூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருப்பதாகவும், அதற்கும் இதே மாதிரி ஒரு லே-அவுட் போட்டுத் தரமுடியுமா என்றும் கேட்டார். பெண்ணைப் பெற்றவர் கேட்கும்போது முடியாது என்று சொல்ல எந்த மாப்பிள்ளையால் முடியும்?

செங்கமலம் காப்பி கொண்டுவந்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நிச்சயம் ஆகாத ஆத்துல கை நனைக்கறதில்லை. பொண்ணைக் கொடுத்தப்புறம் சம்பந்தி ஆத்துல நித்தியம் வந்து உக்கார்றதும் இல்லை. எங்க குடும்பத்துல அப்படி ஒரு வழக்கம்."

அவர் போன பிறகும் செங்கமலம் அந்த ஒழுங்கையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். இப்படிப்பட்ட சம்பந்தி கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்றாள்.

மறுநாள் மாலை நரசிம்மன் அதே ஆட்டோவில் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். நான்காம் நாள் உப்பிலி வேலையிலிருந்து திரும்பியபோது அவர் அவனுக்கு முன்னாலேயே வந்து நாற்காலியில் இருந்தார். கம்ப்யூட்டரை யார் போட்டது என்று அம்மாவிடம் ஜாடையாகக் கேட்டான். அவரே போட்டுக்கொண்டாராம், வாத்தியார் இல்லையா, பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டார் என்றாள் பெருமையாக.

சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் வரமாட்டார் என்று உப்பிலி கணக்குப் போட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பூங்கா எல்லாம் போட்டுத் தயாராக வைத்தான். நரசிம்மன் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பஸ் ஸ்டாண்டைக் கிழக்கே கொண்டுபோனால் என்ன என்றார். கொண்டுபோக மூன்று தெருவை இடிக்க வேண்டியிருந்தது. இடிப்பதற்கு அவரே மவுஸை வாங்கிக்கொண்டார். வாங்கிய மவுஸ் அதற்குப்பின் உப்பிலி கைக்கு வருவதே அபூர்வமாயிற்று.

சரி, வேறு வழி பார்ப்போம் என்று கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றான். அன்றைக்கே அவர் கோவளத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். உப்பிலி பிடுங்கி வைத்திருந்த ஒயரை மெக்கானிக் திரும்பச் சொருகிவிட்டு, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான்.

நிலத்தில் பணம் போட்டால் நஷ்டம் என்று பயமுறுத்தலாம் என்று தோன்றியது. வரியை ஏற்றிக் காட்டினான். "ஏத்தாதீங்கோ, ஜனங்க காலி பண்ணிண்டு போயிடுவா" என்று அவர் பதறினார். நிலத்தில் மனை வாங்குகிறவர்களுக்கு வரி போட மாமாவுக்கு என்ன அதிகாரம் என்று உப்பிலி கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். அவன் இருந்த கலவரத்தில் யோசிக்கவில்லை.

கடைசியாக, அந்த விளையாட்டில் நிலநடுக்கத்துக்கு என்று ஒரு பொத்தான் இருந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு அதை அழுத்தினான். வீடுகள் சரிந்தன, பூங்கா பிளந்தது, புது பஸ் ஸ்டாண்டில் தீப்பிடித்தது. இது மண் பரிசோதனை மாமா, உங்கள் நிலம் தாங்காது போலிருக்கிறது என்றான்.

நரசிம்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, "முதல்ல தீயணைப்பு நிலையம்" என்றார். அன்றைக்கு அவர் கிளம்பும்போது ஆட்டோக்காரர் மூன்று முறை ஹார்ன் அடிக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் ஒரு வார்த்தை, சம்மதம் என்கிற அந்த ஒரு வார்த்தை, அவர் வாயிலிருந்து வரவில்லை. செங்கமலம் தினமும் காப்பி கலந்து கொண்டுவந்து நீட்டிப் பார்ப்பாள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார். "லே-அவுட் முடியட்டும், மாமி" என்பார். காப்பியை உப்பிலி குடிப்பான். தன் வீட்டில், தன் கம்ப்யூட்டருக்குப் பின்னால், ஆறின காப்பியோடு நின்றுகொண்டு அடுத்தவர் ஆடுவதைப் பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று அவனுக்கு ஆற்றாமையாக இருந்தது. அதைவிட, ஹம்சினியின் சிரிப்பு நாளுக்கு நாள் தூரமாகப் போவது போல் இருந்தது பெரிய வேதனை.

"பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணிக்க என்னால முடியாதும்மா" என்று ஒரு சனிக்கிழமை காலையில் சொன்னான். "அவர் நிஜமாவே இதை நம்பி நிலத்தைப் பிரிச்சுட்டார்னா பாவம். இன்னிக்கு உண்மையைச் சொல்லிடப்போறேன்."

செங்கமலம் மாலையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நரசிம்மன் துறைமுகம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். திருப்போரூரில் கடல் இல்லை என்பதை இருவருமே பேசிக்கொள்ளவில்லை. உப்பிலி அவர் எதிரில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மாமா, இது லே-அவுட் இல்லை. வீடியோ கேம். நான் தினமும் ஆடறவன். கார் ரேஸ், கிரிக்கெட் எல்லாம் ஆடுவேன். கல்யாணத்துக்கப்புறமும் ஆடுவேன்னுதான் நினைக்கறேன். உங்ககிட்ட மறைச்சது தப்பு."

நரசிம்மனின் முகம் வெளுத்துவிட்டது. கட்டின துறைமுகத்தைச் சேமித்தார். சேமித்து முடிகிற வரை காத்திருந்தார். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், "அப்ப இனிமே லே-அவுட்னு சொல்லிண்டு வரமுடியாது" என்று முணுமுணுத்துவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார்ந்தார்.

செங்கமலம் ஆறின காப்பியோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். உப்பிலி மாலையை ஆணியிலிருந்து கழற்றுவதற்கு நாற்காலியில் ஏறினான். இனி அது அங்கே தொங்குவதைப் பார்க்க அவனால் முடியாது.

அப்போது ஆட்டோ ஓட்டுகிற கலையரசன் வாசலில் வந்து நின்றார். இத்தனை நாளும் வெளியே வேப்பமர நிழலில் வண்டியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்.

"சாரு கண்ணாடிய மறந்துட்டாரு" என்றார். மேஜையிலிருந்து அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகாமல் தலையைச் சொறிந்தார். "அப்பால, நாளைக்கும் வர்லாமான்னு கேட்டுனு வரச் சொன்னாரு."

உப்பிலி மாலையும் கையுமாக நாற்காலி மேலேயே நின்றான். "நாளைக்கா? கோபமாப் போனாரே. நிலம் விஷயமா ஏமாத்திட்டேன்னு..."

"அவுருக்கு ஏது சார் நெலம்?" என்றார் கலையரசன். "திருப்போரூர் பிரவுசிங் சென்டர்ல இதே ஊர நெதம் கட்டிகினு இருந்தாரு, பேஜாரு தாங்காம அங்க வராதன்னுட்டாங்க. ஹம்சினி பாப்பா உங்கள பாத்த அன்னிக்கே சரின்னு சொல்லிடுச்சு சார். பொண்ண குடுத்துட்டா சம்பந்தி வூட்டுல நெதம் வந்து குந்திகினு ஆட முடியாதேன்னு இவுருதான் சம்மதம் சொல்லாம இழுத்துகினு கீறாரு."