துக்க வீட்டில் அப்பா பேசிய இங்கிலீஷ்

திருக்கோகர்ணம்,
சனிக்கிழமை காலை

கோபத்துக்கும் பாசத்துக்கும் அளவு வைத்துக்கொள்ளாத திருமயம் பெரியப்பா அவர்களின் சமூகத்துக்கு, தம்பி மகள் பிரகதீஸ்வரி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பாவுக்கும் உடம்பில் குறையில்லை, மனசுதான் படுத்துவிட்டது. அங்கே பெரியம்மாவின் முழங்கால் வலியும் உங்கள் தொண்டையும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். போனில் சொல்லாமல் தாளில் எழுதக் காரணம், எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும். அதனால் தினமும் பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வேலைக்கு வரும் செம்மல் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குப் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சை. மற்ற பாடமெல்லாம் எப்பவோ பாஸ். இது ஒன்றுதான் நாலு தடவையாக இழுக்கிறது. போன தடவை முப்பத்துநாலு மார்க். அந்த ஒரு மார்க்கை நினைத்து அப்பா ஒரு வாரம் சரியாச் சாப்பிடல. இதைத் தாண்டினாத்தான் ஆபீஸ்ல கிளார்க் ஆக முடியும், இல்லேன்னா ரிட்டயர் ஆகுறவரைக்கும் தூக்குவாளியோட டீ வாங்கப் போக வேண்டியதுதான். அப்பேர்ப்பட்ட பரீட்சைக்குப் போகவே மாட்டேன்னு ஹால் டிக்கெட்டைப் பீரோ மேல தூக்கிப் போட்டுட்டாரு. காரணம் யாருன்னு சொல்றேன், மொதல்ல நீங்க உக்காந்து ஒரு சொம்புத் தண்ணி குடிங்க.

அப்பாவுக்கு இங்கிலீஷ் டீச்சர் நான்தான். பத்து நாளைக்கு முன்னாடி 'கீப் அட் இட்'டுனு ஒண்ணு சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தர் கஷ்டமான வேலையில பாதி வழியில தவிச்சுக்கிட்டிருக்கப்ப, விட்றாதீங்க, செஞ்சுக்கிட்டே இருங்கன்னு தெம்பு சொல்றது அது. அதோட நான் நிறுத்தியிருக்கணும். வாய் சும்மா இருக்குமா? யாரு எதைச் செஞ்சுக்கிட்டிருந்தாலும் சொல்லலாம்ப்பா, ரொம்ப மரியாதையான வார்த்தை, ஒரு நாளைக்குப் பத்துப் பேர்கிட்ட சொன்னா மறக்கவே மறக்காதுன்னு வீட்டுப்பாடம் குடுத்துட்டேன். சிரிக்க ஏதாச்சும் கிடைக்குமேங்கிற ஆசைதான். ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டியை மிதிச்சுக்கிட்டிருந்த எதிர்வீட்டு ஷர்லி அக்காகிட்ட சொன்னாரு. அது சரியான இடம், வண்டியும் கிளம்பிருச்சு. டீ ஆத்துறவர்கிட்ட சொன்னாரு, அவரு கையை இன்னும் ஒரு முழம் ஒசத்தி ஆத்தினாரு. குழாயடியில குடத்தை ஓங்கிக்கிட்டு நின்ன ரெண்டு பேருக்கு நடுவுல போய்ச் சொன்னாரு, அங்கிட்டும் சொன்ன மாதிரியே நடந்துச்சு. அம்மா திட்ட ஆரம்பிச்சாலும் கையைக் கட்டிக்கிட்டு அதையேதான் சொல்றாரு. மன்னிப்புக் கேக்குறாருன்னு நெனச்சு அம்மா அடங்கிடுறாங்க. நான் தலையணைக்குள்ள மொகத்தை வச்சுச் சிரிச்சேன், அந்தப் பாவம்தான் சுத்திச்சு.

வியாழக்கிழமை ஆத்மநாதன் சாரோட அம்மா தவறிட்டாங்க. தொண்ணூத்திரண்டு வயசு. சார் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் எடுத்தவரு, இதை மனசுல வச்சுக்கங்க. நாங்க மூணு பேரும் போனோம். ஒரே கொட்டுச் சத்தம். கல்யாணச் சாவு சார், நீங்க அழலாமான்னு ஆளுக்கு ஆள் சொல்ல, சார் துண்டை வாயில வச்சு விம்மிக்கிட்டிருந்தாரு. கெளம்புறப்ப அப்பாவுக்குச் சிக்கல். துக்க வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாதுல்ல, ஒண்ணுமே சொல்லாம வரவும் மனசில்ல. கொட்டு அடிச்சவங்க மூச்சு வாங்க நிறுத்தின நேரமாப் பாத்து, சாரோட கையைப் பிடிச்சு, குனிஞ்சு, அவ்வளவு பணிவா, "கீப் அட் இட் சார்"னாரு. சார் தலையைத் தூக்கி அப்பாவையே பாத்தாரு. அப்புறம் போட்டாரு பாருங்க ஒரு ஓலம், பந்தக்காரங்க ஏணியை விட்டு இறங்கி ஓடியாந்தாங்க. நாங்க செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வந்து சேந்தோம்.

சார் ஏன் அப்படிக் கத்துனாருன்னு வீட்டுல அப்பா என்கிட்டதான் கேட்டாரு. உள்ளதைச் சொல்லிட்டேன். ஒரு அடி அடிச்சிருக்கலாம். அடிக்கல. கைடை எடுத்துப் பழைய பேப்பரோட வச்சுக் கட்டினாரு. "நமக்கு இதெல்லாம் வேணாம் ஆத்தா"ன்னாரு. அவ்வளவுதான். ரெண்டு நாளா வீட்டுல இங்கிலீஷும் இல்ல, தமிழும் இல்ல.

அதனால பெரியப்பா, நாளைக்கு மொத பஸ்ஸுலயே வந்து அப்பாவைப் பிடிச்சு நாலு ஏசு ஏசிப் படிக்க உக்கார வைங்க. நீங்க ஏசினா அவரு கேப்பாரு. எனக்குள்ள பங்கையும் குறையாமக் குடுத்துடுங்க, வாங்கிக்கிறேன்.

உங்கள் காலில் விழவும், விழுந்த வேகத்தில் எழுந்து ஓடவும் தயாராக இருக்கும்,
பிரகதீஸ்வரி

பி.கு.: செம்மல் அண்ணன் வரத் தாமதமானதில் எல்லாம் மாறிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி ஆத்மநாதன் சார் வந்தாரு. காரியம் முடியாம அடுத்த வீட்டுக்குள்ள நுழையக் கூடாதுன்னு ரோட்டுலயே நின்னு கூப்பிட்டாரு. அப்பா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுப் போனாரு. "குழந்தைசாமி, வந்தவன் பூரா அழாதேன்னு என் வாயை அடைச்சான். எத்தனை வயசானா என்னய்யா, எனக்கு அம்மா. நீ ஒருத்தன்தான் அழுன்னு சொன்ன"ன்னு சொல்லிட்டு, அப்பா தோள்ல கொஞ்ச நேரம் கை வச்சுட்டுப் போயிட்டாரு. அப்பா நேரா வந்து பேப்பர்க் கட்டை அவுத்துட்டாரு. அப்பலேருந்து சத்தம் போட்டுப் படிக்கிறாரு. டிவி போடக் கூடாதாம், மிக்ஸி ஓடக் கூடாதாம், நான் தும்முனதுக்கு மொறைக்கிறாரு. எனவே அப்பாவை ஏச வர வேண்டாம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்னை அங்கிட்டுக் கூட்டிட்டுப் போக வாங்க.