சிங்கம் போட்ட கரண்டி

"இந்த வீட்டில் இனி ஒருத்தரும் இந்தக் கரண்டிகளைத் தொடக்கூடாது!" என்று சுகிர்தன் சட்டம் போட்டான். வீட்டில் இருந்ததே மனைவி துஷானியும் எட்டு மாத மகன் சேயோனும்தான்.

ஜேர்மனியின் ஹம் நகரத்துப் பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய ஆறு ஆங்கிலேய வெள்ளிக் கரண்டிகள். காம்புகளில் பொடிப்பொடி முத்திரைகள். வேலையால் வந்தால் சப்பாத்தைக் கழற்ற முதல் பூதக்கண்ணாடியை எடுத்துவிடுவான்.

"இஞ்ச பாரும், கால் தூக்கி நடக்கிற சிங்கம். அசல் வெள்ளி! இது சிறுத்தைத் தலை. லண்டன் முத்திரை!"

"சிங்கமும் சிறுத்தையும் கொழுத்துத்தான் இருக்குதுகள். என்ர பிள்ளைதான் ஒண்டும் தின்னுதில்லை."

துஷானிக்கு அதுதான் பயம். பிளாஸ்டிக் கரண்டியைக் கண்டால் சேயோன் வாயைப் பூட்டிவிடுவான். தராசைப் பார்த்த டாக்டரும் முகத்தைச் சுளித்தார். ஆனால் நேற்று சுகிர்தனின் கையில் வெள்ளிக் கரண்டி மின்னியதும் அந்த வாய் குகை போலத் திறந்தது.

"ஒண்டே ஒண்டு தாங்கோவன் அப்பா. பிள்ளைக்கு முட்டை மஞ்சள் தீத்த," என்று கணவனிடம் கெஞ்சினாள்.

"முட்டையோ! சிங்கம் கறுத்துப்போகும். உமக்கென்ன விசரே?"

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். வென்றுவிட்டதாக அவன் நினைத்தான்.

சனிக்கிழமை சேயோனுக்கு முதல் பல் முளைத்த சடங்கு, பல்லுக்கொழுக்கட்டை. கொழுக்கட்டையைத் தலையில் கொட்டிய பிறகு சில சாமான்கள் அடுக்கிய தட்டத்தை முன்னால் வைப்பார்கள். பிள்ளை எதை எடுக்குதோ அதுதான் எதிர்காலம்.

"புத்தகம், பேனை, சங்கிலி வச்சாச்சு. உங்கட கரண்டியும் ஒண்டு வைப்பமே? அதை எடுத்தானெண்டால் உங்களைப்போல நிபுணன்தான்," என்றாள் துஷானி, முதல் நாள் இரவு.

சுகிர்தனின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. விடியவிடிய உட்கார்ந்து மினுக்கினான். சபை நடுவில், மகனுக்குப் பின்னால் நின்று, கைபேசி வெளிச்சத்தைக் களவாகக் கரண்டியில் அடித்தான்.

சேயோன் புத்தகத்தை மிதித்து, பேனையைத் தள்ளி, கரண்டியைப் பிடித்து வாய்க்குள் வைத்தான்.

"என்ர ரத்தம்!" என்று கத்தினான் சுகிர்தன்.

"அப்ப அது இனி அவன்ர," என்றார் பக்கத்து வீட்டுப் பிறேமா அக்கா. "பிள்ளை எடுத்ததைப் பறிக்கக் கூடாது தம்பி. சபையே பாத்திட்டுது."

அதற்குள் துஷானி முட்டை மஞ்சள் கோப்பையோடு வந்துவிட்டாள்.

"முட்டை எப்ப அவிச்சனீர்?"

"நீங்கள் கரண்டி மினுக்கேக்க."

கோப்பை காலியாயிற்று. துஷானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிங்கம் மெல்லக் கறுத்தது.

"கையாலேயே கழுவுங்கோ அப்பா, மெஷினில போடேலாது," என்று அதை அவனிடம் நீட்டினாள். "மற்ற அஞ்சையும் வெளியால எடுத்து வையுங்கோ. பின்னேரம் அவனுக்கு மீன்."