இறால் கூட்டத்தில் நான் ஆற்றிய உலக உரை

உலகச் செய்திகளைப் பற்றிப் பேசுவதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. நாம் சொன்னது தப்பு என்று தெரியவருவதற்குள் கேட்டவர்கள் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். இதை நம்பித்தான் என்னைப் போன்ற பல பேர் தைரியமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஒரே ஒரு முறை அந்தச் சௌகரியம் வாய்க்கவில்லை. கேட்டவர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார்கள். மண்டபம் நிறைய இறால் பண்ணைக்காரர்கள். அதில் ஒருவன் என் மனைவியின் தம்பி.

சிதம்பரம் வடக்கு வீதியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மிஷின் ஓடாத நேரத்தில் என் வாய் ஓடும். அதை ஏன் வீணாக்க வேண்டும் என்று ஒரு யூடியூப் சேனல் ஆரம்பித்தேன். பெயர் ‘பழையசோறு டைம்ஸ்’. பெயரிலேயே கொள்கை இருக்கிறது: பழசு உடம்புக்கு நல்லது. வரவுக்குள் செலவு செய்ய வேண்டும், கடன் வாங்கிக் கல்யாணம் செய்யக் கூடாது, பெரியவர்கள் எதிரில் காலை நீட்டி உட்காரக் கூடாது, ஒவ்வொரு நாடும் முதலில் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுதான் என் கட்சி. தேர்தலில் நிற்காத கட்சி என்பதால் தோற்றதே இல்லை.

“அரசாங்கம் கொடுத்த இலவச மின்விசிறிக்குக் கீழ உக்காந்துகிட்டு, அதே அரசாங்கம் ஏத்துன கரண்ட் பில்லப் பாத்து வேர்க்கிறோம்” என்று நான் பேசிய வீடியோ ஒன்று மங்கலம்பேட்டை வரைக்கும் போனது. (மங்கலம்பேட்டையில் என் சித்தப்பா இருக்கிறார். அவருக்கு நானே அனுப்பியிருந்தேன். ஆனாலும் போனது போனதுதானே.)

அந்த ஆடி மாதத்தில் எந்த நியூஸ் சேனலைத் திருப்பினாலும் ஒரே பேச்சு. அமெரிக்கா எந்தெந்த நாட்டுச் சரக்குக்கு எவ்வளவு இறக்குமதி வரி போடப்போகிறது என்பதுதான் அது. எனக்குக் கொண்டாட்டம். தன் நாட்டுத் தொழிலாளியைக் காப்பாற்றத் தன் வாசலில் வரி போடுகிறார்கள், இதில் அடுத்தவன் வயிறு ஏன் எரிகிறது என்று வாரத்துக்கு இரண்டு வீடியோ போட்டேன்.

என் மனைவி கலாவின் தம்பி வெற்றிவேலுக்கு பு.முட்லூர் பக்கம், வெள்ளாற்றங்கரையை ஒட்டி இரண்டு இறால் குட்டைகள். நெல் விளைந்த நிலத்தில் உப்பு ஏறிவிட்டதால் என் மாமனார் காலத்திலேயே குட்டை வெட்டிவிட்டார்கள். அங்கே வளர்கிற இறால், ஏஜென்ட் கைக்குப் போய், கம்பெனிக்குப் போய், கடைசியில் அமெரிக்காக்காரன் தட்டில் விழும். இது எனக்கு நன்றாகத் தெரியும். வரி விஷயமும் நன்றாகத் தெரியும். தெரிந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம்தான் எனக்கு அப்போது இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றி போன் செய்தான்.

“மாமா, சலீம் பாய் நல்ல ரேட்டு சொல்றாரு. நாளைக்கே வண்டி அனுப்புறேங்குறாரு. புடிச்சிடலாமா?”

சலீம் பாய் பரங்கிப்பேட்டையில் இருக்கிற இறால் ஏஜென்ட். பல வருஷமாக வெற்றியிடம் வாங்குகிறவர்.

“என்ன அவசரம் மச்சான்?”

“வரி கிரின்னு பேசிக்கிறாங்களே, அதான் பயமா இருக்கு.”

“நீ என் சேனல் பாக்குறியா இல்லையா?”

“பாக்குறேன் மாமா.” (பொய். கரண்ட் போய் ஏரேட்டர் நின்றால் இறால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று இருபத்துநாலு மணி நேரமும் குட்டையையே பார்த்துக்கொண்டிருப்பவன் என் முகத்தை எப்போது பார்ப்பான்?)

“நாம அவுங்களுக்கு வேண்டப்பட்டவங்க மச்சான். நம்ம மேல கை வெக்க மாட்டாங்க. மத்த நாட்டு மேல ஜாஸ்தி போடுவாங்க. அப்ப நம்ம இறாலுக்குத்தான் கிராக்கி. பத்து நாள் பொறு. இறாலும் பெருசாவும், ரேட்டும் பெருசாவும்.”

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கலா நிமிர்ந்தாள்.

“என்னாங்க, அவன் குட்டையப் பத்திக் கேக்குறான். நீங்க வெள்ளை மாளிகையப் பத்திப் பேசுறீங்க. வர்ற ரேட்டுக்குக் குடுக்கச் சொல்லுங்க.”

“உனக்கு உலக அரசியல் தெரியாது கலா.”

அவள் மறுபடி கீரைக்குக் குனிந்தாள். அந்த வாக்கியத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

வெற்றி சலீம் பாயிடம் பத்து நாள் ஆகட்டும் என்று சொல்லிவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் சிதம்பரத்தில் கூடுவதாக இருந்தது. தண்ணீர், தீவனம், நோய் பற்றி எல்லாம் பேசுகிற கூட்டம். “எங்க மாமா உலக விஷயமெல்லாம் புட்டுப்புட்டு வெப்பாரு, சிரிப்பாவும் இருக்கும்” என்று வெற்றி பெருமையாகச் சொல்ல, என்னைச் சிறப்புப் பேச்சாளராகப் போட்டுவிட்டார்கள்.

புறவழிச்சாலை ஓரம் ஒரு கல்யாண மண்டபம். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தின் அலங்காரத்தை இன்னும் பிரிக்கவில்லை. பொண்ணு மாப்பிள்ளை உட்கார்ந்த சிவப்பு சோபாவில் என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். தலைக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் மயில்கள். கரை வேட்டி, சந்தன நிறச் சட்டை. வீடியோவில் முகம் எடுப்பாக இருக்கட்டும் என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். என் செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, மேடைக்கு எதிரில் வைத்து, சேனலில் நேரலை வேறு ஆரம்பித்தாகிவிட்டது.

ஆரம்பம் பிரமாதம். உண்மையிலேயே பிரமாதம், அதை யாரும் மறுக்க முடியாது.

“உலகத் தலைவர்கள் மாநாடு எப்படி நடக்குதுன்னு பாத்தீங்களா? பிளைட்ல வருவாங்க. கை குலுக்குவாங்க. ஆழ்ந்த கவலை தெரிவிப்பாங்க. மத்தியானம் சாப்பிடுவாங்க. கவலை தீந்துடும்!”

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்து இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். நான் விஷயத்துக்கு வந்தேன்.

“ஒருத்தன் தன் வீட்டுக்கு வேலி போடுறான். பக்கத்து வீட்டுக்காரன் ஏன் கோவப்படுறான்? தன் கோழிய அங்க மேய விட்டுப் பழகிட்டான், அதான்!”

கைதட்டல்.

“ஆனா ஒண்ணு. வேலி போடுறவன் வேண்டப்பட்டவனுக்கு ஒரு கேட்டு வெப்பான். அந்த கேட்டு நமக்குத்தான்! யாரும் அவசரப்பட்டுப் புடிக்காதீங்க. பத்தே நாளு. ரேட்டு எங்க போவுதுன்னு பாருங்க. நான் சொல்றத எழுதி வெச்சுக்குங்க!”

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ஒரு செல்போன் ‘டிங்’ என்றது. அடுத்து பின்னால் ஒன்று. பிறகு இடது பக்கம் நாலைந்து. ஒவ்வொருவராகப் போனை எடுத்துக் குனிந்தார்கள். எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா, எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். இருமின பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டார் பாவம் என்று குரலை இன்னும் உயர்த்தினேன். எதிரில் என் போனில் கமெண்டுகள் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தன. கண்ணாடி இல்லாததால் என்ன கமெண்ட் என்று தெரியவில்லை. பாராட்டைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்?

நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தார். அஞ்சலை அக்கா. முட்லூரில் ஒரே ஒரு குட்டையை வைத்துத் தனியாளாகப் பாடுபடுகிறவர்.

“தம்பி, கொஞ்சம் நிறுத்து. இப்பத்தான் நியூசு வந்துச்சு. நம்ம நாட்டுக்கும் வரி போட்டுட்டாங்களாம். நீ சொன்ன வேலியில நாம உள்ள நிக்கிறமா, வெளிய நிக்கிறமா?”

அந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பான்? நன்றி வணக்கம் சொல்லி இறங்கியிருப்பான். நான் சிரித்தேன்.

“அக்கா, வாட்ஸ்அப்ல வர்றத எல்லாம் நம்பக் கூடாது. இதெல்லாம் யாரோ கிளப்பி விடுறது. எங்க, அந்த நியூச இங்க காட்டுங்க.”

யாரோ ஒருவர் மேடையோரம் வந்து போனை நீட்டினார். நான் குனிந்து, கண்ணைச் சுருக்கி, மைக்கை வாயருகே வைத்துக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“இந்தியப்... பொருட்கள் மீது... அமெரிக்கா... வரி... அறிவிப்பு.”

மண்டபத்தில் பாட்டரி தீர்ந்தோ, போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தோ இன்னும் விஷயம் தெரியாமல் இருந்த பத்துப் பதினைந்து பேருக்கும் நானே ஸ்பீக்கரில் செய்தி வாசித்துவிட்டேன்.

“எறக்குங்கய்யா அவர!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “யோவ், இப்பத்தான புடிக்காதீங்கன்னு சொன்ன?” என்று இன்னொரு குரல். நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. நான் பிளாஸ்டிக் மயில்களுக்கு நடுவில் மூன்றாவது மயில் மாதிரி நின்றேன்.

வெற்றி மேடைக்கு வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“மாமா, மைக்க குடுங்க,” என்றான் மெதுவாக. வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான். “எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க. எங்க மாமா கடைக்காரரு, தெரிஞ்சதப் பேசிட்டாரு. நாம ஏஜென்ட்டுங்ககிட்ட பேசுவோம்.” முந்தாநாள் போயிருக்க வேண்டிய அவனுடைய இறால் என் பேச்சைக் கேட்டுத்தான் இன்னும் குட்டையில் நீந்துகிறது என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஓரமாக உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கமெண்டுகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே ஆள். ‘கலா: நியூஸ் பாருங்க.’ ‘கலா: நியூஸ் பாருங்க.’ ‘கலா: பேச்ச நிறுத்துங்க.’ ‘கலா: கெஞ்சிக் கேக்குறேன்.’ ‘கலா: வாய மூடுங்க.’ அதற்குக் கீழே மங்கலம்பேட்டை சித்தப்பா மட்டும் ‘அருமை’ என்று போட்டிருந்தார்.

மறுநாள் காலையில் வெற்றியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கு வண்டியை விட்டேன். சலீம் பாய் வாசலிலேயே நின்று இரண்டு போன்களில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்.

“வாங்க மாப்ள. ஒங்க வீடியோவப் பாத்தேன். நல்லாத்தான் பேசுனீங்க. அமெரிக்காக்காரனுக்குத்தான் தமிழ் தெரியாமப் போச்சு.”

“பாய், ஞாயித்துக்கெழம சொன்ன ரேட்டு...”

“ஞாயித்துக்கெழம ரேட்ட ஞாயித்துக்கெழமதான் குடுக்க முடியும். கம்பெனிக்காரங்க போனே எடுக்க மாட்டேங்குறாங்க. நான் என்னா பண்றது சொல்லுங்க?” பிறகு வெற்றியைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “ஒரு குட்டை சரக்க எப்படியாச்சும் நான் எடுத்துக்குறேன் தம்பி. ரேட்டு கொறச்சதான் வரும், மனசுல வெச்சுக்காத. இன்னொண்ண உள்ளூர்ல தள்ளப் பாரு. இன்ஷா அல்லா, சரியாவும்.”

இரண்டு நாள் கழித்து வலை போட்டார்கள். நானும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டைக்குள் இறங்கினேன். இடுப்பளவு சேற்றில் நிற்கும்போது உலக அரசியல் எதுவுமே ஞாபகத்துக்கு வருவதில்லை. எடுத்த இறாலைப் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்தோம். மறுநாள் கடையை மூடிவிட்டு, குட்டி யானை வண்டியில் வெற்றியோடு சேத்தியாத்தோப்பு வரைக்கும் நானே கொண்டுபோய் விற்றேன். “நீங்கதான அந்த யூடியூப்காரரு?” என்று இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை, அது என் தம்பி என்று சொன்னேன். (எனக்குத் தம்பி கிடையாது.)

வண்டியில் திரும்பும்போது வெற்றியிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். ஐந்து மைல் தூரம் செருமியே தீர்ந்தது. அவனே பேசினான்.

“விடுங்க மாமா. நீங்க சொன்னதுக்காக மட்டும் நிறுத்தல. இன்னும் கொஞ்சம் பெருசாவட்டும்னு எனக்கும் ஆசதான். அந்த ஆசைக்கு நீங்க ஒரு காரணம் சொன்னீங்க, அவ்வளவுதான்.”

நான் பேசாமல் வந்த மிக நீண்ட பயணம் அதுதான் என்று கலா சொல்வாள்.

இத்தனைக்குப் பிறகும் என் கருத்து மாறியதா என்றால், இல்லை. எந்த நாடும் தன் வீட்டை முதலில் பார்ப்பதுதான் முறை. அவர்கள் அவர்கள் வீட்டைப் பார்த்தார்கள். நான்தான் என் மச்சான் வீட்டைப் பார்க்காமல் அவர்கள் வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேனலும் நடக்கிறது. கலா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பேச வேண்டும்.

ஆனால் வீட்டில் என் அந்தஸ்து வேறு மாதிரி ஆகிவிட்டது. யார் எந்த முடிவு எடுப்பதானாலும் முதலில் என்னிடம் வருகிறார்கள். நகை வாங்குவதா, மனை விற்பதா, பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எதுவானாலும். நான் ஒரு யோசனை சொன்னதும் கவனமாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நேர் எதிராகச் செய்கிறார்கள். வெற்றியும் ஒவ்வொரு பிடிப்புக்கு முன்னாலும் தவறாமல் போன் செய்கிறான். “மாமா, பொறுக்கலாமா?” என்பான். “பொறு” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீரில் வலை விழுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

போன மாதமும் கேட்டான். நான் எல்லாச் செய்தியையும் படித்து, நன்றாக யோசித்து, “இப்பவே புடிச்சிடு மச்சான்” என்றேன். “சரிங்க மாமா” என்று போனை வைத்துவிட்டு எட்டு நாள் பொறுத்தான். ரேட்டு ஏறியது. சாயங்காலம் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, கலாவின் எதிரிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

“ஒங்களக் கேக்காம நான் இனிமே எதுவும் செய்யறதா இல்ல மாமா.”