மிச்ச மாத்திரை மகராசி

வள்ளல்களில் பல ரகம் உண்டு. கேட்டால் கொடுப்பவர் ஒரு ரகம், கேட்கும் முன்பே கொடுப்பவர் இன்னொரு ரகம். நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகத்தைப் பற்றி. வேண்டாம் என்றாலும் விடாமல் கொடுப்பவர். மிச்ச மாத்திரை வள்ளல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இவரை உங்களுக்குத் தெரியும். நாற்காலியிலிருந்து எழும்போது நீங்கள் லேசாக "அம்மாடி" என்றால் போதும், பக்கத்தில் வந்து நிற்பார். இடுப்பா, முட்டியா என்று கேட்பார். ஒன்றுமில்லை, சும்மா வாயில் வந்துவிட்டது என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள், காகிதக் கைக்குட்டையில் பொட்டலம் கட்டிய மாத்திரை ஒன்று உங்கள் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்திருக்கும். டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுப்பார், இவர் நான்கு நாள் போடுவார், வலி போய்விடும், ஆறு நாள் மாத்திரை மிஞ்சும். மிஞ்சியதைக் கொட்டுவது பாவம். வேறொருவருக்குக் கொடுக்காதே என்று குப்பியில் ஒட்டியிருக்கிறதே? ஒட்டினவனுக்கு அக்கம்பக்கம் கிடையாது போலிருக்கிறது. காலாவதித் தேதி? அது கம்பெனிக்காரன் அடுத்த குப்பியை விற்கப் போட்டது. அளவு? பார்த்தாலே தெரியாதா? ஒல்லியாக இருந்தால் பாதி. நடுத்தரம் என்றால் ஒன்று. தோள் அகலமான ஆண்பிள்ளை என்றால் இரண்டு.

எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கத்தில் இந்த ரகத்துக்குப் பஞ்சமில்லை. சுரங்கத்துக்குப் போன முதுகுகள் நிறைய, அந்த முதுகுகளுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைகள் அதைவிட நிறைய. ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் ஓர்லீன் மன்ஸி அம்மாளை விஞ்ச ஆள் கிடையாது. வயது அறுபத்துநாலு. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தேழு வருஷம் பிள்ளைகளுக்குப் பரிமாறிய கை அது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலமாரி. தன் முட்டி அறுவைக்கு வந்தது, தங்கைக்குப் பித்தப்பை எடுத்தபோது வந்தது, காலமான கணவர் ஹோபர்ட்டின் முதுகுக்கு வந்தது என்று குப்பிகள் அதில் வரிசையாக நின்றன. அவற்றில் பெரும்பாலானவை அபின் வம்சத்து வலிமாத்திரைகள்.

அந்த வம்சம் எங்கள் ஊரில் என்ன செய்தது என்று ஓர்லீன் அம்மாளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த மாத்திரைக்கு ஓர் உயிரைப் பறிகொடுக்காத வீடு எங்கள் பள்ளத்தாக்கில் அரிது. ஒவ்வொரு துக்க வீட்டுக்கும் முதல் ஆளாக ஒரு சட்டி பீன்ஸும் சோளரொட்டியும் கொண்டு போனவர் அவர்தான். ஆனால் அதெல்லாம் வேறு, தன் அலமாரி வேறு என்பது அவருடைய உறுதியான கட்சி. தெருவில் வாங்கினால் விஷம், டாக்டர் எழுதினால் மருந்து. டாக்டர் அதை யாருக்கு எழுதினார் என்பது சின்ன விஷயம்.

எங்கள் ஊர்த் தேவாலயச் சபையில் ஜெனெல் ப்ரேட்டர் என்றொரு பெண் இருந்தாள். முப்பத்தொரு வயது. மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து, பிள்ளையைத் தாயிடம் விட்டு, ஜெயில்வரை போய் வந்து, இரண்டு வருஷமாகத் தெளிந்து நடப்பவள். சபை விருந்துகளில் பாத்திரம் கழுவுவது அவள் வேலை. யாரும் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டது. ஓர்லீன் அம்மாள் அவளிடம் அன்பாகத்தான் இருந்தார். புதன்கிழமை ஜெபத்தில் அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லி மன்றாடுவார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மட்டும் கைப்பையை மெதுவாக இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு முரணும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவர் இந்த ரகத்தில் சேர்ந்திருக்க மாட்டார்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, சபையின் ஆண்டு விருந்து. ஆராதனை முடிந்து எல்லாரும் கீழ்மண்டபத்தில் கூடியிருந்தார்கள். பொரித்த கோழி, பன்றித் தொடை, பின்டோ பீன்ஸ், மூன்று வகை உருளைக்கிழங்கு என்று மேசை கொள்ளாத சாப்பாடு. டெல்மர் லைக்கன்ஸ் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. சுரங்கத்தில் முப்பது வருஷம் உழைத்து நெஞ்சில் கரித்தூளோடு வீட்டுக்கு வந்தவர். மனைவி போனபின் தனியாள். ஓர்லீன் அம்மாளின் கண் நான்கு மேசை தாண்டி அவர் தட்டில் விழுந்தது.

"என்ன டெல்மர், கோழியத் தொடவே இல்லையே."

"பல்லு, சிஸ்டர். செவ்வாக்கிழமதான் பிடுங்குறேன்னு சொல்லியிருக்காங்க."

"செவ்வாய் வரைக்கும் யாரு தாங்குறது? இந்தாங்க. எனக்கு முட்டிக்கு டாக்டர் எழுதினதுதான், பயப்பட ஒண்ணுமில்ல. நீங்க ஆளு பெருசு, ரெண்டாவே போட்டுக்கோங்க."

டெல்மர் போட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட வள்ளலுக்கு ஏற்ற ஆள் அவர். பெண்கள் எதை நீட்டினாலும் நன்றி சொல்லி விழுங்கிவிடுவார். மனைவி இறந்ததிலிருந்து நெஞ்சுப் படபடப்புக்கு ஒரு நரம்பு மாத்திரை போடுவதையும், அன்று காலையில்கூட அதைப் போட்டுக்கொண்டு வந்ததையும் அவர் சொல்லவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் ராத்திரியில் மூச்சுக்கருவி முகமூடி மாட்டிக்கொண்டு படுப்பதையும் சொல்லவில்லை. ஓர்லீன் அம்மாளும் கேட்கவில்லை. பரிமாறுகிறவர் ஜாதகம் கேட்பாரா?

ஒரு மணி நேரத்தில் டெல்மர் பியானோவுக்குப் பக்கத்தில் இருந்த மெத்தை நாற்காலியில் சாய்ந்து உறங்கிவிட்டார். ஓர்லீன் அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று நாளாகக் கண் மூடாத மனுஷன், என் மாத்திரையில் எப்படித் தூங்குகிறார் பார் என்று இரண்டு பேரிடம் சொன்னார். தன் மேல்கோட்டை எடுத்து அவர்மேல் போர்த்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பியது. மண்டபம் சிரித்தது. கரி லாரி மேடு ஏறுகிற மாதிரி இருக்கிறது என்றார் பாஸ்டரின் மனைவி. மேடு ஏற ஏற லாரி மெதுவாகத்தானே போகும்? குறட்டையும் மெதுவானது. தண்ணீர் கொப்புளிக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் மறுபடி ஒரு கொப்புளிப்பு. அந்த இடைவெளியை ஓர்லீன் அம்மாளும் கவனித்தார். ஹோபர்ட்கூட இப்படித்தான் குறட்டை விடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாழைப்பழப் புட்டிங்கைப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

ஈரக்கையோடு எச்சில் தட்டு எடுக்க வந்த ஜெனெல் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றாள். கையிலிருந்த தட்டுகளைப் பியானோமேலேயே வைத்துவிட்டு டெல்மரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். எழவில்லை. விரல் முட்டியை மடக்கி அவர் நெஞ்செலும்பில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். வலிக்கும்படிதான் தேய்த்தாள். அதற்கும் எழவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"இவரு தூங்கல," என்றாள். "என்ன போட்டாரு? யாருக்காவது தெரியுமா?"

மண்டபம் விழித்தது. மாரடைப்பு என்றார் ஒருவர். சர்க்கரை இறங்கியிருக்கும், ஜூஸ் கொடுங்கள் என்றார் இன்னொருவர். டெல்மர் அப்படிப்பட்ட ஆள் இல்லை, கேட்பதே தப்பு என்று பாஸ்டர் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். ஓர்லீன் அம்மாள் கையில் கிண்ணத்தோடு நின்றார். இருபத்தேழு வருஷம் ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பெண். யாருக்கும் ஒரு நாளும் வயிறு கெட்டதில்லை என்பது அவருடைய வாழ்நாள் பெருமை. வாயைத் திறந்தால் அது போய்விடும். திறக்காவிட்டால் மாரடைப்பு என்றே எல்லாரும் நம்பிவிடுவார்கள். கோழி மேசைக்கும் பியானோவுக்கும் நடுவில் அந்த யோசனை அவரைப் பிடித்து நிறுத்தியது. நெடுநேரம் இல்லை, இரண்டு மூச்சு நேரம்தான். ஆனால் டெல்மரின் கணக்கில் அந்த இரண்டு மூச்சும் வரவேயில்லை.

"நான்தான் குடுத்தேன்," என்றார். "என் வலிமாத்திரை. ரெண்டு."

ஜெனெல் திரும்பிப் பார்க்கவில்லை, திட்டவும் இல்லை. "அடுப்படி ஆணியில என் பை தொங்குது, சிஸ்டர். அதுல வெள்ளப் பெட்டி ஒண்ணு இருக்கும். ஓடுங்க."

முட்டி மாற்றியதிலிருந்து ஓடாத ஓர்லீன் அம்மாள் ஓடினார். பெட்டியில் இருந்தது அபின் மாத்திரையை முறிக்கிற மருந்து, மூக்கில் அடிப்பது. ஜெனெல் டெல்மரைத் தரையில் கிடத்தித் தலையைப் பின்னால் சாய்த்து ஒரு நாசியில் அடித்தாள். பாஸ்டரை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னாள். மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதினாள், எண்ணினாள், ஊதினாள். சற்று நேரம் பார்த்துவிட்டு மறு நாசியில் இரண்டாவதை அடித்தாள்.

டெல்மர் இருமினார். கண்ணைத் திறந்து, சுற்றி நின்ற சபையை ஒரு சுற்றுப் பார்த்து, பல் வலி திரும்பி வந்துவிட்டது என்று முறையிட்டார். பிறகு வீட்டுக்குப் போகிறேன் என்று எழப் பார்த்தார். ஜெனெல் விடவில்லை. மூக்கு மருந்து சீக்கிரம் அடங்கிவிடும், வயிற்றில் இருக்கிற மாத்திரை அடங்காது, மறுபடி இழுத்துக்கொண்டு போகும் என்றாள். சொன்னபடியே மலை தாண்டிப் போகிற வழியில் ஆம்புலன்ஸில் அவருக்கு மறுபடி கண் சொருகியது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் அனுப்பினார்கள்.

ஓர்லீன் அம்மாள் அங்கேயே காத்துக் கிடந்தார். அங்கிருந்த டாக்டர் அம்மா கோபப்படாமல் விளக்கினார். அந்த மாத்திரை உங்கள் உடம்புக்கு, உங்கள் முட்டிக்கு, அன்றைய வலிக்கு அளந்து கொடுத்தது. கெட்ட நுரையீரலோடு, நரம்பு மாத்திரையின்மேல் அது போய் விழுந்தால், மூச்சு விடவேண்டும் என்பதையே மூளை மறந்துவிடும். வலி போகும், கூடவே ஆளும் போவார் என்றார். ஓர்லீன் அம்மாள் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவர் ஒருவர் சொல்வதை இடைமறிக்காமல் முழுக்கக் கேட்டது எங்கள் பள்ளத்தாக்கில் அதுவே முதல் தடவை.

வியாழக்கிழமை காலையில் ஜெனெல் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். மாவட்டக் காவல் அலுவலகத்தில் மிச்ச மருந்து போடுவதற்கென்று ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. தனியாகப் போகத் தைரியம் வரவில்லை. பதினான்கு குப்பிகள். பதின்மூன்றைப் போட்டுவிட்டார். கடைசிக் குப்பி கையிலேயே இருந்தது. ஹோபர்ட்டுடையது. மாத்திரை முக்கியமில்லை, அதில் அவர் பெயர் அச்சடித்திருக்கிறது என்றார். ஜெனெல் அதை வாங்கி, நகத்தால் மெதுவாகச் சுரண்டிச் சீட்டைக் கிழியாமல் உரித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, குப்பியைப் பெட்டிக்குள் போட்டாள்.

திரும்பி வரும்போது ஓர்லீன் அம்மாள், உனக்கு அந்தச் சனியனை முதலில் எவன் கொடுத்தான் என்று கேட்டார். எந்தத் தெருப்பயல் என்று தெரிந்தால் சபிக்கலாம் என்கிற எண்ணம்.

"முதியோர் இல்லத்துல ஆளத் தூக்குறப்ப இடுப்பு புடிச்சுக்கிச்சு," என்றாள் ஜெனெல். "டாக்டர் எழுதினதுதான், சிஸ்டர். அது தீந்தப்புறம் எங்க அத்த அவங்களோடத குடுத்தாங்க. பாசமாத்தான் குடுத்தாங்க."



திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். பிறவிக் குணம் அப்படிச் சுலபமாகப் போகுமா? சுகாதார அலுவலகத்தில் அந்த மூக்கு மருந்தை இலவசமாகத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பை நிறைய வாங்கி வந்துவிட்டார். இப்போது சபையில், தபால் நிலையத்தில், முடிவெட்டும் கடையில் யாரைப் பார்த்தாலும் ஒரு பெட்டி. எனக்கு எதற்கு என்றால், வீட்டில் வலிமாத்திரை இருக்கிறதா இல்லையா என்று மடக்குவார். பாஸ்டரிடம் மட்டும் மூன்று பெட்டி இருக்கிறது. டெல்மர் இரண்டு வாங்கி ஒன்றை டிரக்கில் வைத்திருக்கிறார். கொடுக்கிற கை மாறவில்லை, சரக்குதான் மாறியது.

எங்கோ ஒரு மலையூர்க் கிழவி கதை என்று சிரித்துக்கொண்டே வாசித்தீர்கள். நல்லது. இப்போது எழுந்து போய் உங்கள் வீட்டு பிரிட்ஜ்மேல் இருக்கிற அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து பாருங்கள். அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனபோது எழுதிய மாத்திரை அட்டை, உங்களுக்குக் கை முறிந்தபோது எழுதிய அட்டை. இரண்டிலும் நடுவில் நாலைந்து குழி காலியாக இருக்கிறதே, அவை எங்கே போயின? மாடிவீட்டுக்காரருக்கா, ஆபீஸ் தோழிக்கா? ஒரே ஒரு மாத்திரையில் ஆள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார் என்று மறுநாள் உங்களுக்குச் செய்தி வந்ததே.

அதை எழுந்து வந்து சொன்னது அவரேதானா?